செயின்சா கிளட்ச் கழற்றி கிராங்க் ஆயில் சீல் மாற்றுவது: ஐடிலில் ரேஸ் ஏறி இறங்காத மெஷின்

கிளைவெட்டி:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 50 சிசி செயின்சா ஒன்று இருக்கிறது. வாங்கிப் பல வருடம் ஆகிறது, இன்ஜினை இதுவரை பிரித்ததில்லை. ஸ்டார்ட் ஆனதும் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, சூடு ஏறியதும் குணம் மாறிவிடுகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வேகம் உடனே இறங்குவதில்லை. கொஞ்ச நேரம் மேலேயே நின்றுவிட்டுத்தான் இறங்குகிறது. ஐடிலில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. கிளட்ச் பக்கம் கீழே வரும்படி சாய்த்தால் ரேஸ் ஏறுகிறது, நிமிர்த்தினால் தணிகிறது. கார்புரேட்டரில் ஐடிலுக்கான பெட்ரோல் அளவை வைக்கும் எல் ஸ்க்ரூவைக் கால் சுற்று திறந்துவிட்டால் அன்றைக்குச் சரியாக ஓடும், மறுநாள் பழையபடிதான்.

கவரைக் கழற்றிப் பார்த்ததில் கிளட்ச் டிரம்முக்குப் பின்னால் கறுப்பாக ஈரம். அது பார் ஆயிலா (செயின் ஓடும் பட்டைக்கான எண்ணெய்), உள்ளேயிருந்து வந்த பெட்ரோல் கலவையா என்று தெரியவில்லை. ஆயில் சீல் போயிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். சீலைப் பார்க்க கிளட்ச்சைக் கழற்ற வேண்டும், கிளட்ச்சோ அசையவே மாட்டேன் என்கிறது. சீல்தான் என்று எப்படி உறுதி செய்வது? இன்ஜினை இரண்டாகப் பிளக்காமல் மாற்ற முடியுமா?

பட்டறைவாசி:

முதல் வேலையாக மெஷினை ஓட்டுவதை நிறுத்துங்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாம் இன்ஜின் வெளியிலிருந்து காற்று இழுக்கிறது என்பதையே காட்டுகின்றன. சீல் மலிவான பொருள். பிஸ்டனும் சிலிண்டரும் அப்படி இல்லை.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் கேஸ் என்பது வெறும் பெட்டி கிடையாது. பிஸ்டன் மேலே போகும்போது அதற்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து கலவையை இழுக்கிறது. கீழே வரும்போது அழுத்தம் உண்டாகி, அந்தக் கலவையை டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக மேலே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 13,000 சுற்று ஓடினால் வினாடிக்கு 200 தடவைக்கு மேல் இந்த இழுப்பும் தள்ளலும் நடக்கின்றன. கிராங்கின் இரண்டு முனையும் கேஸை விட்டு வெளியே வரும் இடத்தில் இந்தக் காற்றைக் காப்பது இரண்டு சிறிய ரப்பர் உதடுகள்தான். கிளட்ச் பக்கம் ஒன்று, பிளைவீல் பக்கம் ஒன்று.

உதடு தேய்ந்துவிட்டால் கார்புரேட்டர் வழியாக வராத காற்று உள்ளே நுழைகிறது. அதில் பெட்ரோலும் இல்லை, ஆயிலும் இல்லை. ஐடிலில் திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் இன்ஜின் குடிக்கும் மொத்தக் காற்றே குறைவு. அதில் சீல் வழியாக வரும் பங்கு பெரிதாகத் தெரிவதால்தான் ஐடிலில் முதலில் ஆட்டம் காட்டுகிறது. முழு வேகத்தில் சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் சேதம் நடப்பது அங்கேதான். கலவையில் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறையும். முதலில் அடிபடுவது பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம்.

எல் ஸ்க்ரூவைத் திறந்து சமாளிப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஐடிலில் குறைந்த பெட்ரோலை அது ஈடுகட்டுவதால் நோய் மறைந்துவிடுகிறது, ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. சூட்டில் ரப்பரும் ஷாஃப்ட்டும் விரிந்து அந்த ஓட்டையின் அளவு மாறிக்கொண்டே இருப்பதால், வைத்த டியூனிங் மறுநாள் நிற்பதில்லை.

இரண்டாவது கேள்விக்கு: கிராங்க் கேஸ் இடது, வலது என்று இரண்டு பாதியாக நிற்கும் வகை இன்ஜின் என்றால் பிளக்கவே வேண்டாம். இரண்டு சீலையும் வெளியிலிருந்தே மாற்றலாம்.

விறகுக்காரர்:

சீலுக்குப் போகும் முன்னால் மற்ற இடங்களையும் பார்த்துவிடுங்க தம்பி. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் பூட் என்கிற ரப்பர் இணைப்பை வளைத்துப் பாருங்க, மடிப்புக்குள்ளே வெடிப்பு இருந்தால் சும்மா பார்த்தால் தெரியாது. இம்பல்ஸ் குழாய் (கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோவது), டீகம்ப்ரஷன் வால்வு (ஸ்டார்ட் இழுப்பை லேசாக்குவது), சிலிண்டர் அடி கேஸ்கட் எல்லாம் காற்று பிடிக்கும் இடம்தான். பெட்ரோல் டேங்கில் இருக்கும் குழாய் வெடித்திருந்தாலும் சாய்க்கும்போது இதே மாதிரி ரேஸ் ஏறும். சாய்த்தால் மாறுகிறது என்பதை மட்டும் வைத்து சீல் என்று முடிவு கட்ட வேண்டாம்.

கிளைவெட்டி:

நன்றி அண்ணா. பூட்டையும் பெட்ரோல் குழாயையும் பார்த்தேன், இரண்டும் நன்றாக இருக்கின்றன. அழுத்தமும் வெற்றிடமும் இரண்டும் கொடுக்கும் கைப்பம்பு ஒன்று நண்பரிடம் கிடைத்தது. சைலன்சருக்கு அடியில் பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்து இறுக்கினேன். இன்டேக் பக்கமும் அப்படியே அடைத்தேன். ஸ்பார்க் பிளக் மாட்டியிருக்கிறது. இம்பல்ஸ் குழாயில் பம்பைச் சொருகி 0.5 பார் (அழுத்த அலகு) ஏற்றினேன், முள் அசையவே இல்லை. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தும் ஒரு குமிழி கூட இல்லை. அப்படியானால் சீல் நல்ல சீல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பட்டறைவாசி:

எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதிச் சோதனைதான் முடிந்திருக்கிறது, அதுவும் சீலைக் கண்டுபிடிக்காத பாதி.

சீலின் உதடு உள்பக்கம் பார்த்து இருக்கும், அதைச் சுற்றி மெல்லிய சுருள் கம்பி ஒன்று இருக்கும். உள்ளேயிருந்து அழுத்தம் கொடுத்தால் அந்த அழுத்தமே உதட்டை ஷாஃப்ட்டோடு சேர்த்து அமுக்கும். சைக்கிள் டியூப் வால்வு மாதிரி, உள்ளே காற்று கூடக் கூட நன்றாக அடைத்துக்கொள்ளும். பாதி தேய்ந்த சீல் கூட அழுத்தச் சோதனையில் தேறிவிடும். வெற்றிடத்தில் இது தலைகீழ். வெளிக்காற்று உதட்டை ஷாஃப்ட்டிலிருந்து தூக்கப் பார்க்கும். ரப்பர் இறுகிப் போயிருந்தாலோ, கம்பி தளர்ந்திருந்தாலோ அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

பம்பை வெற்றிடத்துக்கு மாற்றி 0.5 பார் இழுங்கள். ஸ்டீல் (Stihl) கம்பெனி மெஷின்களின் சர்வீஸ் கையேட்டில் உள்ள கணக்கு, 20 வினாடியில் அது 0.3 பாருக்குக் கீழே போகக் கூடாது என்பது. மற்ற கம்பெனிகளின் அளவு கொஞ்சம் மாறும், உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். இழுத்து வைத்துவிட்டு பிளைவீலை மெதுவாக ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். சில சீல் ஷாஃப்ட்டின் ஒரே ஒரு கோணத்தில் மட்டும் காற்று விடும். ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் லேசாக அழுத்தியும் பாருங்கள். அப்போது முள் துள்ளினால் சீலோடு சேர்த்து பேரிங்கையும் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, ரேஸ் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லி யாராவது இங்கே எழுதுவார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கும் ஸ்ப்ரே அடிக்கும் வேலை அது. டிரம் மறைத்திருப்பதால் சீல் மேல் நேராகப் படவும் படாது. வேண்டாம்.

கிளைவெட்டி:

பிடிபட்டுவிட்டது. 0.5 இழுத்துவிட்டுக் கையை எடுத்ததும் முள் மளமளவென்று இறங்குகிறது. எங்கே என்று தெரிந்துகொள்ள, டிரம்மைக் கழற்றிவிட்டு கிளட்ச்சுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் ஷாஃப்ட்டைச் சுற்றிக் கெட்டி கிரீஸை அப்பினேன். இறங்கும் வேகம் பாதியாகக் குறைந்தது. ஆகவே கிளட்ச் பக்கம் உறுதி. மீதி எங்கே என்று தெரியவில்லை.

இப்போது கிளட்ச்தான் மலையாக நிற்கிறது. நடுவில் அறுகோணம் இருக்கிறது, 19 சாக்கெட் சரியாக உட்காருகிறது. எந்தப் பக்கம் திருப்புவது?

தச்சன்மகன்:

கடிகார முள் போகும் திசையில். பெரும்பாலான செயின்சாக்களில் கிளட்ச் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த் திசையில் கழலும். பல கிளட்ச்களில் அம்புக்குறி போட்டு, கழற்றும் திசை எது என்று எழுதியே இருக்கும். மேல் இருக்கும் கறுப்பு அழுக்கைக் கம்பி பிரஷ் போட்டுத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

காரணம் தெரிந்துகொண்டால் மறக்காது. பாரின் மேல் பக்கச் செயின் முன்னால் ஓட வேண்டும், அதனால் கிளட்ச் பக்கத்திலிருந்து பார்த்தால் கிராங்க் கடிகாரத் திசையில் சுற்றுகிறது. மரம் செயினைப் பிடித்து இழுக்கும்போது கிளட்ச் பின்வாங்கப் பார்க்கும். இடது மரை என்பதால் அந்தப் பின்வாங்கல் அதை இன்னும் இறுக்கும். வலது மரை போட்டிருந்தால் அறுக்கும்போதே கழன்று வந்துவிடும். இத்தனை வருடம் மரம் அறுத்து அறுத்து அது தானே இறுகியிருக்கிறது, அதனால்தான் அசையவில்லை.

பிஸ்டனை நிறுத்த நைலான் கயிறுதான் என் வழக்கம். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக எக்ஸாஸ்ட் போர்ட்டைப் பாருங்கள். சைலன்சர் இல்லாததால் அந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம். கிராங்கை ஓடும் திசையில் மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் மேலேறி எக்ஸாஸ்ட் போர்ட்டை முழுக்க மூடியதும் நிறுத்துங்கள். அதற்கப்புறம்தான் கயிறு. போர்ட் திறந்திருக்கும்போது கயிற்றைத் திணித்தால், அது போர்ட் விளிம்பில் சிக்கிப் பிஸ்டன் நறுக்கிவிடும். ரிங்கும் அடிபடலாம். நார் பிரியாத, சுத்தமான ஸ்டார்ட்டர் கயிறாக எடுத்து, இடம் கொள்ளும் மட்டும் உள்ளே விட்டு, நீளமான முனை ஒன்றை வெளியே தொங்கவிடுங்கள். பிஸ்டன் கயிறு மேல் மெத்தென்று போய் நிற்கும். பிறகு நீளமான கைப்பிடி போட்டு நிதானமாக அழுத்துங்கள். எகிறி எகிறி இழுக்க வேண்டாம்.

எண்ணெய்க்கை:

கயிறெல்லாம் எதற்கு? பேட்டரி இம்பாக்ட் கன் வைத்தால் இரண்டு தட்டில் வந்துவிடும். கிராங்கின் எடையே எதிர்ப்புக்குப் போதும், பிஸ்டன் மேல் ஒரு பாரமும் விழாது. பிஸ்டனைத் தடுக்கக் கயிறோ இரும்பு ஸ்டாப்பரோ போட்டு முறுக்கும்போது அத்தனை விசையும் கனெக்டிங் ராடு வழியாகப் பிஸ்டன் தலையில்தான் இறங்குகிறது. எது மென்மையான வழி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பட்டறைவாசி:

எண்ணெய்க்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. கழற்றுவதற்குச் சிறிய இம்பாக்ட் நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் மூன்று விஷயம். ஒன்று, சாக்கெட் துளி கூட ஆடாமல் உட்கார வேண்டும், அறுகோணம் ஒருமுறை உருண்டுவிட்டால் அப்புறம் எந்த வழியும் எளிதில்லை. இரண்டு, ஸ்டாப்பரும் இம்பாக்ட்டும் ஒன்றாகச் சேரக் கூடாது. இரும்பு ஸ்டாப்பர் போட்டு இம்பாக்ட் அடித்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். மூன்று, திரும்ப மாட்டும்போது இம்பாக்ட் வேண்டவே வேண்டாம். கையேட்டில் சொன்ன டார்க் அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கினால் போதும், மீதியை மரம் பார்த்துக்கொள்ளும்.

உளியும் சுத்தியலும் எடுக்காதீர்கள். கிளட்ச் ஷூ அடி தாங்காத உலோகம், உளியால் தட்டினால் காது உடைந்து வரும். அது விழாவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்போடு 13,000 சுற்றில் உங்கள் காலுக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அறுகோணம் இல்லாமல் இரண்டு அல்லது மூன்று பள்ளம் மட்டும் இருக்கும் கிளட்ச்சுக்குத் தனிச் சாவி கிடைக்கும். அது இல்லாமல் முயலாதீர்கள்.

எண்ணெய்க்கை:

ஒத்துக்கொள்கிறேன். மாட்டும்போது நானும் கையால்தான் மாட்டுவேன். செயின் பிரேக் பற்றி ஒரு வார்த்தை: கிளட்ச் கவருக்குள் பிரேக் பட்டை இருக்கும் மாடல்களில், கவரைக் கழற்றும் முன் பிரேக்கை விடுவித்திருக்க வேண்டும். பிரேக் விழுந்த நிலையில் கவரை எடுத்துவிட்டால், பட்டை சுருங்கி டிரம் மேல் திரும்ப ஏறாது. பட்டை மெஷின் உடம்பிலேயே இருக்கும் மாடல்களில் பிரேக்கை விடுவிக்காமல் டிரம்மே வெளியே வராது.

கிளைவெட்டி:

கயிறு முறையில் வந்துவிட்டது! நீளக் கைப்பிடியில் நிதானமாக அழுத்தியதும் டப் என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் விரலாலேயே சுற்றிக் கழற்றினேன். ஷூ ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. நீடில் பேரிங்கில் கிரீஸ் சொட்டு கூட இல்லை, வறண்டு நிறம் மாறிக் கிடக்கிறது. ஆயில் பம்பையும் அதன் வார்ம் கியரையும் எடுத்ததும் சீல் கண்ணில் பட்டது. உதட்டை ஊசி முனையால் தொட்டால் ரப்பர் மாதிரியே இல்லை, கெட்டிப் பிளாஸ்டிக் மாதிரி டக் டக் என்கிறது. ஷாஃப்ட்டைத் தொடும் ஓரம் பளபளவென்று தட்டையாகிவிட்டது. படம் இணைத்திருக்கிறேன். இதை எப்படி வெளியே எடுப்பது? ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பலாமா?

பட்டறைவாசி:

நெம்பாதீர்கள். வெளியே வீசப் போகும் சீல் எப்படிக் கிழிந்தாலும் கவலையில்லை. காப்பாற்ற வேண்டியவை இரண்டு: ஷாஃப்ட்டின் வழவழப்பு, சீல் உட்காரும் அலுமினிய வட்டம். ஸ்க்ரூ டிரைவர் இரண்டையுமே கீறும். நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் புதுச் சீலுக்கு அடியில் காற்று போக வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி.

எடுப்பதற்கு முன், பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். கேஸ் விளிம்போடு சமமாகவா, ஒரு மில்லிமீட்டர் உள்ளேயா என்பது முக்கியம். அப்புறம் ஷாஃப்ட் மரையில் டேப் சுற்றுங்கள். சீலின் முகத்தில் பொருந்தும் குழாயை வைத்து லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். பழைய பிடி விட்டுப் போகும், அவ்வளவுக்கு மேல் உள்ளே போகக் கூடாது.

இனி சீலின் முகத்தில், ரப்பருக்கு உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தில், மெல்லிய டிரில்லால் ஓட்டை போட வேண்டும். ஷாஃப்ட்டுக்கும் வெளி விளிம்புக்கும் சரி நடுவில் போடுங்கள். டிரில் முனையில் டேப் சுற்றி, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காதபடி அடையாளம் வையுங்கள், ஏனென்றால் பின்னால் நேராக பேரிங் இருக்கிறது. டிரில் முனையில் கிரீஸ் தடவிக்கொண்டால் இரும்புப் பிசிறு அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். மெஷினைப் பக்கவாட்டில், சீல் கீழ்நோக்கிப் பார்க்கும்படி பிடித்துத் துளைத்தால் இன்னும் நல்லது. இந்த ஒரு இடத்தில் அவசரம் கூடவே கூடாது. ஒரு சின்னப் பிசிறு பேரிங்குக்குள் போய்விட்டால், சீல் மாற்றும் வேலை கிராங்க் கேஸைப் பிளக்கும் வேலையாகிவிடும்.

ஓட்டையில் சின்ன ஸ்க்ரூ ஒன்றை இரண்டு மரை மட்டும் ஏற்றி, பிளேயரால் பிடித்து நேராக வெளியே இழுங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் எதிர்ப் பக்கம் இன்னொரு ஸ்க்ரூ.

விறகுக்காரர்:

வெளியே எடுத்ததும் சீல் முகத்தில் மூன்று எண் இருக்கும், பாருங்க. 12×22×7 என்கிற மாதிரி. ஷாஃப்ட் விட்டம், வெளி விட்டம், அகலம், இந்த வரிசையில் மில்லிமீட்டரில் இருக்கும். அளவு ஒன்று போல இருக்கிறது என்று வேறு மெஷினின் சீலைப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்பாங்க.

பட்டறைவாசி:

அளவு மட்டும் பார்த்தால் போதாது. 12 மி.மீ ஷாஃப்ட் 13,000 சுற்றில் ஓடும்போது உதட்டுக்கு அடியில் அதன் பரப்பு வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல் வழுக்கிப் போகிறது. 15 மி.மீ என்றால் 10 மீட்டரைத் தாண்டும். மெதுவாகச் சுற்றும் கியர் பெட்டிக்கு என்று செய்த சாதாரண நைட்ரைல் சீல் இந்த வேகத்தில், இந்தச் சூட்டில் சீக்கிரம் இறுகிப்போகும். நைட்ரைல் ஏறக்குறைய 100 டிகிரி வரைக்கும்தான் வசதியாக இருக்கும், வைட்டான் என்று சொல்லும் ஃப்ளூரோ ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும், எத்தனால் கலந்த பெட்ரோலையும் நன்றாகத் தாங்கும். உங்கள் மாடலுக்கு என்று உள்ள சீலையே வாங்குங்கள்.

கிளைவெட்டி:

எடுத்துவிட்டேன். ஷாஃப்ட்டில் கீறல் இல்லை. ஆனால் பழைய உதடு ஓடிய இடத்தில் வட்டமாக ஒரு கோடு பளபளக்கிறது. நகத்தை ஓட்டினால் லேசாகத் தட்டுப்படுகிறது. புதுச் சீல் போட்டாலும் அந்தக் கோட்டில்தானே உட்காரும்?

தச்சன்மகன்:

நகம் லேசாக உணர்கிறது என்றால் காப்பாற்றலாம், நகம் மாட்டிக்கொண்டு நின்றால்தான் கஷ்டம். 1000க்கு மேல் நம்பர் உள்ள எமரித் தாளை எண்ணெயில் நனைத்து, நாடா போல வெட்டி, ஷாஃப்ட்டைச் சுற்றி வட்டமாக மட்டும் தேயுங்கள். முன்னும் பின்னுமாக, நீளவாக்கில் தேய்க்கவே கூடாது. பேரிங் வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு புதுச் சீலைப் பழைய ஆழத்திலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார வையுங்கள், உதடு புது இடத்தில் ஓடும். உள்ளே தள்ளுவதா வெளியே விடுவதா என்பது மாடலைப் பொறுத்தது. உள்ளே தள்ளினால் பேரிங்கில் உரசக் கூடாது, வெளியே விட்டால் ஆயில் பம்பில் இடிக்கக் கூடாது. எல்லாம் கழற்றி வைத்திருக்கும்போதே இரண்டு இடைவெளியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தீர்களா? மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் புதுச் சீலும் பழைய சீலின் வழியிலேயே போகும்.

கிளைவெட்டி:

ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் தெரியவில்லை. சுற்றினால் கரகரப்பும் இல்லை. பிளைவீல் பக்க சீலையும் மாற்ற வேண்டுமா? மீதிக் கசிவு அங்கேயா என்று இன்னும் உறுதியாகவில்லை.

பட்டறைவாசி:

மாற்றுங்கள். கிளட்ச் பக்கத்தில் கிரீஸ் அப்பியதும் இறக்கம் நிற்காமல் பாதியாகத்தான் குறைந்தது என்றீர்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே சூட்டில் வெந்தவை.

பிளைவீல் நட் சாதாரண வலது மரை, கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் கழற்றுங்கள். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் அதுவும் இன்ஜின் ஓடும் திசைதான். அதாவது கிளட்ச்சுக்கும் பிளைவீலுக்கும் கயிற்றை ஒரே நிலையில், பிஸ்டன் மேலேறும் பக்கம் வைத்தால் போதும். மாட்டும்போது இரண்டுக்கும் எதிர்த் திசை என்பதால் கயிற்றை எடுத்து, கிராங்கைப் பின்னோக்கித் திருப்பிப் போர்ட் மூடியபின் மறுபடி விட வேண்டும்.

பிளைவீல் கூம்பு வடிவ ஷாஃப்ட்டில் இறுக உட்கார்ந்திருக்கும். புல்லர் போடுவதே முறை. விசிறி இறக்கைக்கு அடியில் எதையும் கொடுத்து நெம்பாதீர்கள், இறக்கை உடைந்தால் பிளைவீல் சமநிலை போய்விடும். அடியில், ஷாஃப்ட் பள்ளத்தில் உட்காரும் சின்னச் சாவி (கீ என்னும் உலோகத் துண்டு) தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பாதி வெட்டுப்பட்டிருந்தால் டைமிங் நகர்ந்திருக்கும், அப்போது அதையும் மாற்ற வேண்டும். கூம்பை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பிளைவீலைப் பிடித்து வைப்பது அந்தக் கூம்பின் பிடிதான், சாவி இடத்தைக் காட்ட மட்டும். காயிலுக்கும் பிளைவீலுக்கும் உள்ள இடைவெளி பல மாடல்களில் 0.2 முதல் 0.3 மி.மீ.

சீல் மாட்டும் முறை இரண்டு பக்கமும் ஒன்றே. சுருள் கம்பி தெரியும் பக்கம் உள்ளே, இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவுங்கள். வறண்ட உதடு முதல் ஸ்டார்ட்டிலேயே கருகும். ஷாஃப்ட் மரை, சாவிப் பள்ளம் எல்லாவற்றையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் குழாயாகச் சுருட்டி மூடி, அதன் மேல் சீலை வழுக்கி இறக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் மரை விளிம்பு உதட்டை நறுக்கிவிடும், வெளியே எதுவும் தெரியாது. அப்புறம் சீலின் வெளி விளிம்பில் மட்டும் படும் சாக்கெட்டை வைத்து நேராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி இறக்குங்கள். சாய்ந்தால் நிறுத்தி நேராக்குங்கள். இறங்கியதும் ஒரு நிமிடம் விட்டு, கிராங்கைக் கையால் சில சுற்று சுற்றி உதட்டைப் படிய வையுங்கள்.

கிளட்ச், பிளைவீல் எதையும் மாட்டாமல் இப்போதே வெற்றிடச் சோதனை செய்துவிடுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு பார்த்தால் தப்பு இருந்தாலும் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

எண்ணெய்க்கை:

டிரம் வெளியே, கிளட்ச் உள்ளே இருக்கும் மாடல்களில், ஆயில் பம்பை ஓட்டும் வார்மிலிருந்து நீளும் கம்பி டிரம்மின் பள்ளத்தில் விழ வேண்டும். டிரம்மை மெதுவாகச் சுற்றிக்கொண்டே அமுக்கினால் விழுவது கைக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் வாஷரும் ஈ கிளிப்பும். கம்பி விழாவிட்டால் செயின் எண்ணெய் இல்லாமல் ஓடும். ஈ கிளிப் தெறித்துப் போகும் சாமான், கழற்றும்போதும் மாட்டும்போதும் ஒரு விரலை மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளைவெட்டி:

இரண்டு சீலும் போட்டாயிற்று. வெற்றிடம் 0.5 இழுத்துவிட்டு 20 வினாடி பார்த்தேன், கிராங்கைச் சுற்றியும் பார்த்தேன், முள் அங்கேயே நிற்கிறது. நீடில் பேரிங் புதிது போட்டு கிரீஸ் வைத்தேன். எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஒரே புகை, ஐடிலில் அணைந்து அணைந்து போகிறது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் திணறுகிறது. சீல் வேலையில் ஏதாவது விட்டுப்போயிற்றா?

பட்டறைவாசி:

ஒன்றும் விட்டுப்போகவில்லை, நல்ல சகுனம் இது. காற்று பிடித்துக்கொண்டிருந்த இன்ஜினுக்குத் தகுந்தபடி எல் ஸ்க்ரூவைத் திறந்து வைத்திருந்தீர்கள். ஓட்டை அடைபட்டதும் அதே பெட்ரோல் இப்போது அதிகம். எல் ஸ்க்ரூ, முழு வேகத்துக்கான எச் ஸ்க்ரூ இரண்டையும் மெதுவாக மூடும்வரை திருகி, கையேட்டில் சொன்ன அடிப்படை அளவுக்குத் திறங்கள். பல மாடல்களில் ஒரு சுற்று. சூடு ஏறும்வரை ஓடவிட்டு, எல் சரி செய்து, பிறகு ஐடில் ஸ்க்ரூவால் செயின் நிற்கும் அளவுக்கு வேகத்தை இறக்குங்கள். எச் ஸ்க்ரூவைக் காதை மட்டும் நம்பி மூடிக்கொண்டே போகாதீர்கள். டேக்கோமீட்டர் (சுற்று வேகம் காட்டும் கருவி) வைத்து, உங்கள் மாடலின் அதிகபட்ச வேகத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள்.

அதோடு எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்த்துவிடுங்கள். நீளவாக்கில் கோடுகள் இல்லையென்றால் சரியான நேரத்தில் நிறுத்திவிட்டீர்கள்.

கிளைவெட்டி:

பார்த்தேன் அண்ணா. பிஸ்டன் வழவழவென்று இருக்கிறது, ஒரு கோடு கூட இல்லை. டியூனிங் வைத்ததும் ஆக்ஸிலேட்டரை விட்ட உடனே வேகம் இறங்குகிறது, எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே சத்தம். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

புதுமரம்:

இழை முழுக்கப் படித்தேன். என்னுடைய சின்ன மெஷினிலும் இதே ரேஸ் பிரச்சினை. ஆனால் சீல் இருக்கும் இடத்தில் வட்டமான கேஸ் இல்லை, நடுவில் ஒரு கோடு ஓடுகிறது. ஸ்க்ரூ போட்டு இழுக்கலாமா?

பட்டறைவாசி:

வேண்டாம். அது கிளாம் ஷெல் இன்ஜின். சிலிண்டரின் அடிப்பாகமும் ஒரு மூடியும் சேர்ந்து கிராங்கைப் பிடித்திருக்கும், சீல் அந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டிருக்கும். வெளியிலிருந்து புதுச் சீலைத் தட்டி இறக்கினால் மூட்டுக் கோடு விழும் இடத்தில் காற்று பிடிக்கும். கிளட்ச்சும் பிளைவீலும் கழற்றுவது மேலே சொன்னபடியேதான். அதன்பின் இன்ஜினை உடம்பிலிருந்து எடுத்து, அடி மூடியின் நான்கு போல்ட்டைக் கழற்றினால் கிராங்க், பேரிங், சீல் எல்லாம் ஒன்றாகக் கையில் வரும். பழைய பசையை ஒட்டு இல்லாமல் சுத்தம் செய்யுங்கள், அலுமினியத்தைச் சுரண்டாமல். பெட்ரோல் தாங்கும் கேஸ்கட் பசையை மூட்டு முகத்திலும், சீலின் வெளி விளிம்பு அந்தக் கோட்டைத் தொடும் இடத்திலும் மெல்லிசாகத் தடவி, போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகப் படிப்படியாக இறுக்குங்கள். பசை உலர அதன் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காத்திருந்து, அதற்குப் பிறகு வெற்றிடம் இழுத்துப் பாருங்கள். மாடல் எது, வெற்றிடத்தில் முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று எழுதினால் மேற்கொண்டு பார்க்கலாம்.